புதுவயல்காரியின் கால்

ஜூலை 9, 1978. ஞாயிறு

காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் மண்ணை வாரி இறைக்கிறது. நான் கோலி. கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றால் கண்ணைத் திறக்க முடியவில்லை. பல்லிடுக்கில் செம்மண்.

பெண்கள் ஃபுட்பால் லீக்கில் புதுவயலோடு முதல் மேட்ச், எங்கள் காரைக்குடியில். தோற்றோம். 2–1.

மூச்சு இழுத்தால் இடது விலாவில் குத்துகிறது. உள்ளங்கையில் தோல் இல்லை. நாக்கு கடிபட்டது. சோறு இறங்கவில்லை, மோர் மட்டும்.

எல்லாம் ஒருத்தியால். மலர்க்கொடி. அரிசி மில்லில் நெல் காயப்போடுகிறவள். என் வயதுதான் இருக்கும், கல்யாணம் ஆனவள். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால். முதல் கோல் சரி, ஒப்புக்கொள்கிறேன், நல்ல அடி. இரண்டாவது கோலே இல்லை. பந்து என் கையில். நெஞ்சோடு அணைத்துத் தரையில் கிடக்கிறேன். ஓடி வந்த வேகத்தில் முட்டியை மடக்கி விலாவில் இறக்கினாள். பந்து நழுவியது, உள்ளே தட்டிவிட்டாள். ரெஃபரி அப்போது கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குனிந்து என் காதுக்குள் சொன்னாள்: “பந்த விட்டுரு டெலிபோனு. எலும்பையாவது மிச்சம் வச்சுட்டுப் போறேன்.”

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? அதற்குள் அவர்கள் டீம் முழுவதும் “டெலிபோனு, ராங் நம்பரு” என்று கத்த ஆரம்பித்துவிட்டது.

வேலி ஓரம் ஆண்கள் கூட்டம். ஒருவன்: “பந்து எங்குட்டுப் போனா நமக்கென்ன, டவுசரப் பாருடா.” இன்னொருவன்: “அந்தக் கறுத்தவ ஒதைச்சா ஆம்பள செத்துருவான்டா.”

வீட்டில், எக்ஸ்சேஞ்ச் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொன்னேன்.

அவளைச் சும்மா விடப் போவதில்லை.

ஜூலை 10. திங்கள்

காலை ட்யூட்டி. போர்டில் எட்டி ஒயரைச் செருகும்போதெல்லாம் விலா பிடித்தது. தேவகோட்டைக்கு டிரங்க் கால் கேட்ட ஒரு செட்டியார், “ஏம்மா அழுகுறீக?” என்றார். “லைன் சரியில்லைங்க” என்றேன்.

அம்மா தைலம் தேய்த்தாள். ரவிக்கையைத் தூக்கிப் பார்த்து, வட்டமாகக் கன்றிப் போயிருந்ததை விரலால் சுற்றி வந்தாள்.

“மாடிப்படிக்கு முட்டி இருக்கா தனம்?”

ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அண்ணனிடம் சொல்லிவிடுவாளோ என்ற பயம். ரெஜினா டீச்சர் வீடு தேடி வந்து கேட்டபோது அண்ணன் என்னை விட்டதே பெரிது. டீச்சர் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். இந்த லீக்கே அவர் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தது. காரைக்குடி, புதுவயல், கோவிலூர், மானகிரி, நாலு டீம். அண்ணன் போட்ட நிபந்தனைகள்: டவுசர் கூடாது. வெளியூரில் தங்கக் கூடாது. பேப்பரில் படம் வரக் கூடாது. முதல் நிபந்தனை முதல் நாளே போய்விட்டது. வீட்டிலிருந்து பாவாடையில் போகிறேன், டீச்சர் அறையில் மாற்றிக்கொள்கிறேன்.

சோப்பு தீர்ந்துவிட்டது. பிளாஸ்திரி வாங்க வேண்டும்.

ஜூலை 13. வியாழன்

ட்யூட்டி மாற்றிக்கொண்டு ரெ. டீச்சரோடு புதுவயல். அவர்களோடு இரண்டாவது மேட்ச் அங்கே, மில்லுக்குப் பின்னால் உள்ள பொட்டலைக் கேட்கப் போனோம். மில் கணக்கப்பிள்ளை, “ஆடுங்க, ஆடுங்க. லாரி வந்து போற நேரத்துல மட்டும் வேணாம்” என்றார்.

களத்தில் அவளைப் பார்த்தேன். அவித்த நெல், ஆவி பறக்கிறது. சிமெண்டுத் தளம். செருப்போடு நின்ற எனக்கே சூடு ஏறியது. அவள் வெறுங்காலால் நெல்லை அளைந்துகொண்டே நடக்கிறாள். கால் போன வழியெல்லாம் சால் விழுகிறது. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி, மறுபடி இந்தக் கோடிக்கு. பொழுது சாயும் வரை இதுதான் வேலையாம். அந்தக் கால் ஏன் அப்படி அடிக்கிறது என்று விளங்கியது.

தாடையில் நீலம் பாரித்திருந்தது. “என்னம்மா இது?” என்று டீச்சர் கேட்டார்.

“லாரிக் கதவு.”

பக்கத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்த ராக்கம்மா என்ற பெண், “ஆமா, ரெண்டு கையி ரெண்டு காலு உள்ள லாரி” என்று முணுமுணுத்தாள். புருஷன் கருப்பையா, லாரி டிரைவர். காரைக்குடி மேட்சுக்குப் போய் வந்ததற்குக் கிடைத்த அடியாம்.

கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம். நல்லா வேணும் என்று. இதை எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

பஸ்ஸில் டீச்சரிடம் கேட்டேன், உயரப் பந்துக்கு எழும்பும்போது முழங்கையை எங்கே வைத்துக்கொள்வது என்று. டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “உடம்போட ஒட்டி வை” என்றார்.

ஜூலை 16. ஞாயிறு

மானகிரியில் மேட்ச். ஜெயித்தோம். எத்தனை கோல் என்று எழுதக்கூட மனசில்லை.

மானகிரி எங்கள் சொந்த ஊர். அண்ணனுக்கு வயல் அங்கே. தெருவுக்குத் தெரு சொந்தக்காரர்கள். நான் டவுசரோடு நின்றதைப் பார்த்ததும் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கும்பல் வந்து நின்றுவிட்டது. ஹாஃப் டைமுக்குப் பிறகு கல். முதலில் சின்னச் சரளை. அப்புறம் கைக்கு அடக்கமானது. எங்கள் டீமில் பின்வரிசை ஆடும் வள்ளிக்கு, டைப் கிளாஸ் போகிற வள்ளிக்கு, காதுக்கு மேலே விழுந்தது. பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள், விரலிடுக்கில் ரத்தம் கசிந்து வந்தது. ரெ. டீச்சர் புடவைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார்.

எறிந்தவனை எனக்குத் தெரியும். பெரியப்பா மகன். கையில் அடுத்த கல்லோடு நின்றான். நான் பார்த்ததும் சொன்னான்:

“உன்னய எறியல தனம். நீ ஓரமாப் போ.”

வள்ளி மேல் பட்ட கல் காலடியில் கிடந்தது. எடுத்தேன். பந்தை எறிந்து எறிந்து பழகிய கை. அவன் முழங்காலில் பட்ட சத்தம் இங்கே கேட்டது. நொண்டிக்கொண்டே ஓடினான், மற்றவர்கள் அவனுக்கு முன்னால் ஓடினார்கள்.

வள்ளிக்குத் தையல். தையல் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோலு விழுந்துச்சா அக்கா?” என்று கேட்டாள்.

நான் வீட்டுக்குள் நுழையும் முன்னே அண்ணனுக்குச் சேதி வந்திருந்தது. ஒரு அறை டவுசருக்கு. இன்னொரு அறை பெரியப்பா மகனுக்கு. “இனிமே பந்து கிந்துன்னு வாசப்படி தாண்டுன, கைய ஒடிச்சிருவேன்.”

ஜூலை 23. ஞாயிறு

ஞாயிறு ட்யூட்டி என்று பொய் சொல்லிவிட்டுப் புதுவயல் போனேன்.

நினைத்ததைச் செய்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கார்னர். பந்து உயரமாக வந்தது. அவளும் எழும்பினாள், நானும் எழும்பினேன். கை பந்துக்கு, முழங்கை அவளுக்கு. புருவம் பிளந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, மூக்கோரமாக வழிந்து வாய்க்குள் போனது. விழவில்லை. பின்னால் தள்ளாடி நின்றாள், புறங்கையால் துடைத்தாள், கையைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து என் சட்டையில் கையைத் துடைத்தாள்.

“இப்பத்தான்டி நீ கோலி.”

சிரித்தாள். பல்லெல்லாம் சிவப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ராக்கம்மா உமிச் சாம்பலைக் கொண்டுவந்து புருவத்தில் அப்பினாள். ஆட்டம் தொடர்ந்தது. ஹாஃப் டைமில் 1–1.

அதற்குப் பிறகு நடந்தது.

ஒருவன் மைதானத்துக்குள் நடந்து வந்தான். ஓடவில்லை. குடித்திருக்கவும் இல்லை. குளித்து, நெற்றியில் திருநீறு, வெளுத்த சட்டை. கோவிலுக்குப் போகிறவன் மாதிரி. பந்து அவன் காலடியில் உருண்டு வந்தது, தாண்டி வந்தான். மலர்க்கொடி முதுகைக் காட்டி நின்றாள். பின்னலைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான். அப்போதுதான் அது கருப்பையா என்று தெரிந்தது.

“வீட்டுக்கு வாடி.” மெதுவாகத்தான் சொன்னான்.

“ஆட்டம் முடியட்டும்.”

இழுத்தான். மல்லாக்க விழுந்தாள். சரளையில் இழுத்துக்கொண்டே போனான். ரெஃபரி விசில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார், வேறு எதுவும் செய்யவில்லை. கூட்டத்தில் ஒருவர், “புருஷன் பொண்டாட்டி விவகாரம், யாரும் குறுக்க போகாதீக” என்றார். யாரும் போகவில்லை.

அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் நின்றான். அவளுடைய வலது காலைத் தேடினான். தேடித்தான் மிதித்தான், நான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, பந்து அடிக்கிற காலின் எலும்பில், செருப்புக் குதிகாலை வைத்து. ஒரு தடவை. மறுபடி. லாரி பிரேக்கை மிதிக்கிற மாதிரி.

நான் எப்போது ஓட ஆரம்பித்தேன் என்று ஞாபகம் இல்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த குத்துதான்: இரண்டு முஷ்டியையும் சேர்த்து, ஓடி வந்து எழும்பி, பந்தின் நடுவில். பந்து இல்லை, அவன் தாடை. என் வலது கைக்குள் ஏதோ மடங்கியது. அவன் உட்கார்ந்துவிட்டான். பின்னலை மட்டும் விடவில்லை. பக்கத்தில் கார்னர் கொடி கட்டிய மூங்கில். பிடுங்கினேன். பின்னல் சுற்றியிருந்த கையில் அடித்தேன். விடவில்லை. அடித்தேன். விடவில்லை. அடித்தேன். முற்றின முருங்கைக்காயை ஒடிக்கிற சத்தம். விட்டான்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தோளில், முதுகில், மறுபடி தோளில். “அம்மா” என்று கத்தினான். ரெ. டீச்சர் பின்னாலிருந்து என்னைக் கட்டித் தூக்கினார். அந்தரத்திலும் நான் காலை உதைத்துக்கொண்டிருந்தேனாம். வள்ளி சொல்கிறாள்.

ஜூலை 24. திங்கள்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல். நேற்று எப்படியோ எழுதிய வலது கை இன்று வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டீச்சரும் வந்தார்.

“யாரும்மா அடிச்சது?”

“நான்.”

“கூட யாரு?”

“யாருமில்ல.”

ஏட்டு பேனாவைக் கீழே வைத்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கருப்பையா வேறு மாதிரி சொல்லிவிட்டானாம்: லாரியிலிருந்து தவறி விழுந்தேன் என்று. ஊரே பார்த்தது. ஆனாலும் பொம்பளை அடித்துக் கை ஒடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட அவனுக்கு மனசில்லை. “லாரியில இருந்து விழுந்தவனுக்கு நாங்க என்னம்மா பண்றது, போங்க” என்று அனுப்பிவிட்டார்.

வெளியே அண்ணன் சைக்கிளோடு நின்றான். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, பெல்ட்டை உருவினான். அம்மா ஓடி வந்தாள். தடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

“ஏப்பா சேது, அந்தக் கையில மட்டும் அடிக்காதடா. வேலைக்குப் போகணும்ல.”

அந்தக் கையை விட்டுவிட்டுத்தான் அடித்தான். ரேடியோவில் உரம் போடுவதைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். முழுவதும் கேட்டேன்.

அண்ணன் வயலுக்குப் போன பிறகு அம்மா சோறு பிசைந்து ஊட்டினாள்.

“எத்தன அடி அடிச்ச அவன?”

“தெரியலம்மா.”

“நல்லா அடிச்சியா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஒங்க அப்பா இருந்தப்ப எனக்கு அப்படி ஒரு மூங்கி கெடைக்கல.”

அப்பா சாகும்போது எனக்கு ஆறு வயது. இது எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

ஜூலை 27. வியாழன்

புழுக்கம். இலை அசையவில்லை.

கைக்குக் கட்டு. சின்ன எலும்பில் கீறலாம். எக்ஸ்சேஞ்சில் லீவு.

லீக் நின்றுவிட்டது. கோவிலூரில் எல்லாப் பெண்களையும் பெற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். பொட்டல் தந்தவர்கள் இனிமேல் இல்லை என்கிறார்கள். ரெ. டீச்சரைப் பள்ளியில் கூப்பிட்டு எச்சரித்தார்களாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், “காது சரியா கேக்கல” என்கிறார்.

தெருவில் போனால் பேச்சு நிற்கிறது. வெற்றிலைக் கடையில் ஒருவர், “வழி விடுங்கப்பா, கைய கிய்ய ஒடிச்சிறப் போகுது” என்றார். சிரித்தார்கள். ஆனால் வழி விட்டார்கள்.

அந்த முருங்கைக்காய்ச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. பயமாக இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். அது பாதிதான். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அவன் விட்ட பிறகும் அடித்தேனே, அந்த அடிகள் அவளுக்காக இல்லை. யாருக்காக? பெரியப்பா மகனுக்கா? அண்ணனுக்கா? அவன் காலைத் தேடி மிதித்தான். நான் கையைத் தேடி அடித்தேன். இரண்டும் ஒன்று இல்லை. இல்லை என்று நிச்சயமாகத் தெரிகிறது. ஆனால் ஏன் என்று சொல்ல வரவில்லை.

அம்மாவுக்கு வெற்றிலை. மருந்துச் சீட்டை மறக்கக் கூடாது.

ஜூலை 30. ஞாயிறு

வள்ளியைக் கூட்டிக்கொண்டு புதுவயல் போனேன். மலர்க்கொடியைப் பார்க்க. அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு, ஒரு சீப்பு பழமும் வாங்கிக்கொண்டு.

புருஷன் வீட்டில் இல்லை அவள். மில் ஓரத்தில் ராக்கம்மாவின் குடிசையில் இருந்தாள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கறுத்து மினுங்கியது. எலும்பு தப்பித்துவிட்டதாம். பழத்தைப் பார்த்தாள்.

“உன்ன யாருடி கூப்புட்டா?”

“பார்த்துட்டுப் போகலாம்னு…”

“இப்ப இல்ல. அன்னைக்கி. உன்ன யாரு கூப்புட்டா?”

பழச் சீப்பைக் கை மாற்றிக்கொண்டேன்.

“நீ பாட்டுக்கு அடிச்சுட்டு பஸ் ஏறிப் போயிட்ட. நான் இங்குட்டுத்தானே கெடக்கணும்? கையில கட்டோட வந்தான். நான்தான் சோறு ஊட்டுனேன். ஒவ்வொரு வாய்க்கும் எடது கையால ஒண்ணு வச்சான். நாலு நாளு. அஞ்சா நாளு தட்ட அவன் மூஞ்சில விசிறிட்டு இங்க வந்தேன்.”

“அவன் உன்னைக் கொன்னிருப்பான் மலரு.”

“கொன்னுருப்பான். இல்ல நான் கொன்னுருப்பேன்.” நீட்டிய காலைப் பார்த்தாள். “எத்தன வருசமா சேத்து வச்சிருந்தேன் தெரியுமாடி? என்னைக்காவது ஒரு நா, எல்லாரும் பாக்க, நான் அடிக்கணும்னு. அத வந்து நீ அடிச்சுட்டியே.”

ராக்கம்மா பழத்தை வாங்கி உள்ளே வைத்தாள். வள்ளி என் கையைப் பிடித்து இழுத்தாள், போகலாம் என்று. குடிசை வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவள் குரல்:

“ஏ டெலிபோனு. ஆட்டம் பாதியில நிக்குது. ஒண்ணுக்கு ஒண்ணு. அத யாரு முடிப்பா?”

ஆகஸ்ட் 7. திங்கள்

காலையில் தூறல். வலது கையில் இப்போது புதுக் கட்டு, முழங்கை வரை. மறுபடியும் இடது கை எழுத்து. நேற்று நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பொட்டல் கிடைக்கவில்லை. மில் களத்திலேயே ஆடிவிடலாம் என்றாள் மலர்க்கொடி. ஞாயிற்றுக்கிழமை பாய்லர் இல்லை, நெல் இல்லை, களம் சும்மா கிடக்கும். கணக்கப்பிள்ளை முடியாது என்றாராம். அப்படியானால் திங்கட்கிழமை களத்தில் ஒருத்தியும் கால் வைக்க மாட்டாள் என்று ராக்கம்மா சொன்னாளாம். சாவியைக் கொடுத்துவிட்டார்.

அண்ணனிடம் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. “புதுவயல் போறேன் அண்ணே. மேட்ச்.”

கை ஓங்கினான். நான் நகரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். சும்மா நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். கை இறங்கியது.

“இந்தக் கட்டோடயா?”

“ஆமா.”

“பந்து வந்தா எப்படிப் பிடிப்ப?”

“தெரியல.”

தலையை ஆட்டிக்கொண்டே உர மூட்டைகளை அடுக்கப் போய்விட்டான்.

களத்தின் இரண்டு பக்கமும் மூட்டைகளை அடுக்கிக் கோல். நாலு பக்கமும் சுவர், ஒரு இரும்புக் கேட். பார்க்க வந்ததெல்லாம் மில் பெண்கள், மூட்டை மேலும் சுவர் மேலும். ஆண் ஒருவரும் இல்லை, ரெஃபரியும் வரவில்லை. ரெ. டீச்சரே விசில் ஊதினார். அங்கே நின்றுபோன ஆட்டத்தின் மிச்சம் இங்கே.

சிமெண்டுத் தரை யாரையும் விடவில்லை. விழுந்தால் தோல் தரையோடு போகிறது. கொஞ்ச நேரத்தில் எல்லார் முட்டியும் ஒரே நிறம். வள்ளியின் மூக்கில் தலை இடித்து ரத்தம், அவள் இடித்தவளின் உதடு கிழிசல். மலர்க்கொடி நொண்டிக்கொண்டே ஓடினாள், நொண்டிக்கொண்டே இரண்டு பேரைத் தள்ளிவிட்டாள். டீச்சர் விசில் ஊதுவதா வேண்டாமா என்று திணறினார்.

அப்போது கேட் அதிர்ந்தது. கம்பால் அடிக்கிற சத்தம். “தெறங்கடி!” கருப்பையாவும் அவனோடு பங்காளிகள் இரண்டு பேரும். பெண்கள் எழுந்து, நெல் தள்ளுகிற பலகைகளை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்கள். என் காலும் தானாகக் கிளம்பியது.

“நீ அங்கயே நில்லுடி!” மலர்க்கொடி என்னைப் பார்த்துக் கத்தினாள். “நீ வந்த, ஒன்னயத்தான் மொதல்ல ஒதைப்பேன்.”

நின்றேன். கோலை விட்டு ஒரு அடி நகராமல். அதுபோல் கஷ்டமான வேலை வேறு செய்ததில்லை.

அவளே தாழ்ப்பாளைத் தள்ளி, கேட்டைத் திறந்து வெளியே போனாள். அவன் வலது கை தூளியில் தொங்கியது. இடது கையை ஓங்கினான். அவள் அடியை வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் விழுந்தது, எனக்குக் கேட்டது. வாங்கிக்கொண்டு, நொண்டிக் காலை ஊன்றாமல் பின்னுக்கு இழுத்து, அதே வலது காலால், அவன் தொடையில் ஒரு உதை. பந்தை உதைப்பது போலத்தான். அவன் மடிந்து விழுந்தான். பங்காளி ஒருவன் கம்பைத் தூக்கினான், ராக்கம்மா பலகையை அவன் மார்புக்கு நேராகப் பிடித்தாள். கம்பு இறங்கியது.

அவன் எழுந்திருக்கவில்லை. அழுதான். சத்தம் போட்டு, குழந்தை மாதிரி. பார்க்க நன்றாக இல்லை. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, வந்ததற்காகக் கோபமும் வந்தது. மலர்க்கொடி இன்னொரு உதைக்குக் காலை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். காலைக் கீழே வைத்தாள். நான் செய்யாததை அவள் செய்தாள்.

திரும்பி உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். அடி விழுந்த கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

“டீச்சர், விசில் நீங்க ஊதுறீகளா, நான் ஊதவா?”

கடைசியில் வள்ளி கையில் பந்து பட்டது. பெனால்டி. அடிக்க வேறு யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். அவள்தான் வந்தாள். கால் தரையில் ஊன்றவில்லை, முகம் வெளுத்திருந்தது. விட்டுக்கொடுக்கலாமா என்று ஒரு நினைப்பு. விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் பேச மாட்டாள்.

அடித்தாள். வலது பக்கம் பாய்ந்தேன். கட்டுப் போட்ட கையில் பட்டது. உள்ளே ஏதோ பிரிந்தது, கண் இருட்டியது. ஆனால் பந்து திரும்பிப் போயிற்று. அவளிடமே போயிற்று. நான் எழுந்து அதன்மேல் விழுவதற்குள் வந்தாள். பந்து, நான், அவள், மூன்றும் சேர்ந்து மூட்டைக்குள். மேல் மூட்டை சரிந்து எங்கள்மேல் விழுந்து வாய் பிரிந்தது. நெல், காதுக்குள், சட்டைக்குள்.

புதுவயல் 2, காரைக்குடி 1.

நெல்லுக்கு அடியில் கிடந்தபடி அவள் கேட்டாள்: “வலிக்குதா?”

“வலிக்குது.”

“எனக்கும்.” அப்புறம் அழுதாள். நானும். வெளியே எல்லாரும் கத்திக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

கேட்டைத் திறந்தபோது வெளியே யாரும் இல்லை. அவளும் எங்களோடு பஸ் ஏறிவிட்டாள். கையில் ஒரு துணி மூட்டை. திரும்பிப் போகப் போவதில்லையாம். ரெ. டீச்சர் பள்ளி ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள், கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். “சமைக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். “அவிக்கத் தெரியும்” என்றாள்.

நேராக ஆஸ்பத்திரி. என் கையைப் பார்த்தாள் நர்ஸ், அவள் காலைப் பார்த்தாள், கன்னத்தைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகக் கேட்டாள்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. யாரு இப்படி அடிச்சது?”

“இவ” என்றாள் மலர்க்கொடி.

“இவ” என்றேன் நான்.

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பேரையும் வெளியே பெஞ்சில் போய் உட்காரச் சொன்னாள்.